சுங்குடிக் கடை இணையதளம்: பார்ப்பவர் பலர், விசாரிப்பவர் சிலர்

மாசிவீதிக் கடைக்காரர் (கேள்வி):
வணக்கம். தெற்குமாசி வீதியை ஒட்டிய சந்தில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்று வருகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 35,000 ரூபாய் செலவில் ஓர் இணையதளம் அமைத்தோம். மாதம் அறுநூறு பேர் வரை வந்து போவதாகக் கணக்குக் காட்டினாலும், அதன் வழியாக வரும் விசாரிப்பு ஐந்தைத் தாண்டுவதில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்தவர்களோ, முழுவதையும் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்று சொல்லி இன்னும் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வலைப்பணியாளர்:
இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் தளத்தைப் பெரியார் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் திறந்தேன். பேருந்து வந்துவிட்டது, முகப்புப் படம் வரவில்லை. முதன்மையான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். நீங்களோ கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி இருக்கிறது. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைச் சுருக்கும் பட வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். இதை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'எங்களைப் பற்றி' பக்கம் முழுவதும் சுவரொட்டி போன்ற ஒரே படமாக இருக்கிறது. சேலை விவரங்களோ, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அச்சகத்தில் அடித்ததை அப்படியே ஒட்டியவை. பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழாகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஆகவே 'மதுரை சுங்குடி' என்று தமிழில் தேடுபவர் கண்ணில் உங்கள் கடை படுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றையும், தேடுபொறியும் தமிழாகவே படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள்.

நூல்கடை அம்மாள்:
வேகமெல்லாம் சரிதான், ஆனால் வந்தவர் ஏன் விசாரிக்காமல் போகிறார் என்பதற்கு அதில் விடை இல்லை. ஒரு வாரம் தொலைபேசியில் வரும் கேள்விகளை எல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். தளத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். எங்கள் கடையிலும் அப்படித்தான் தொடங்கினோம்.

சுங்குடி வாங்க நினைப்பவருக்கு முதலில் எழும் ஐயம், அதன் புள்ளிகள் துணியைக் கையால் நூல் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து உண்டாக்கியவையா, அச்சடித்தவையா என்பதுதான். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் யார் நம்புவார்கள்? நூல் முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல் துணி சுருங்கிக் கிடக்கும் நிலையில் ஒரு படமும், அவிழ்த்தபின் புள்ளிகள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டுத் தெரியும்படி அருகில் எடுத்த ஒரு படமும் போதும். மாடல் அழகி தேவையில்லை. அச்சுச் சேலையும் விற்கிறீர்கள் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்ற வரியைத் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்ததும் விலை கூடுதலாக இருக்கும் என்று நானே பக்கத்தை மூடிவிடுவேன்.

கணக்காளர்:
ஒரு சிறு சேர்க்கை. தளத்தின் வழியாகவே விற்கப் போகிறீர்கள் என்றால், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரம், திருப்பியனுப்பும் நிபந்தனை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டியாக வேண்டும்.

மாசிவீதிக் கடைக்காரர்:
அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி ஒரு வாரம் குறித்து வைத்தேன். வந்த 31 அழைப்புகளில் 17 பேர் கேட்டது, சாயம் போகுமா என்பதுதான். எங்கள் தளத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'அடர் சிவப்பும் கருநீலமும் முதல் அலசலில் கொஞ்சம் விடும், கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள்' என்று அப்பா கடையில் சொல்வதை அப்படியே ஒவ்வொரு சேலையின் விலைக்கும் கீழே நேற்றிரவு சேர்த்துவிட்டேன். இன்று காலை திருநெல்வேலியிலிருந்து ஒருவர் சாயத்தைப் பற்றிக் கேட்காமலேயே இரண்டு சேலைக்குச் சொல்லியிருக்கிறார்.