‘டாரிஃப் பாஸ்-த்ரூ’: வரிவழி ஏற்றம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இறக்குமதிக்குப் போடும் சுங்கவரி கடைவிலையில் எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொருளியலில் ‘டாரிஃப் பாஸ்-த்ரூ’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் முதலில் வந்த ‘வரிக் கடத்தல்’ வேண்டாம். சுங்கத்துக்குப் பக்கத்தில் ‘கடத்தல்’ வந்தாலே நம் ஆட்களுக்கு விமான நிலையத்துத் தங்கம்தான் நினைவுக்கு வரும்.

அடுத்து வந்த ‘சுமைமாற்று’ எனக்குப் பிடித்திருந்தது. சென்னைத் துறைமுகத்தருகே ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் (சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர்) சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவமான பில் ஆஃப் என்ட்ரி போட்டதும் சுங்கவரிச் சலான் இறக்குமதியாளர் பேரில்தான் வரும். கட்டியவர் அதை அடுத்தவர் தலையில் இறக்கப் பார்ப்பார். ‘சீனா மீது வரி’ என்று செய்தித் தலைப்பு போடும்போது, கட்டுவது இறக்குமதியாளர்தான் என்பது மறைந்துபோகிறது. ‘சுமைமாற்று’ அதைக் காட்டிக் கொடுக்கிறது.

ஆனால் 2018-இல் அமெரிக்காவில் நடந்ததோடு பொருத்திப் பார்த்தேன், சொல் தாங்கவில்லை. அந்தப் பிப்ரவரியில் இறக்குமதிச் சலவை இயந்திரங்களுக்குக் காப்புவரி (உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் வரி) போட்டார்கள். முதல் 12 இலட்சம் இயந்திரங்களுக்கு 20 விழுக்காடு, அதைத் தாண்டினால் 50. கடைவிலை ஏறக்குறைய 12 விழுக்காடு ஏறியது. வரி கட்டாத உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் ஏற்றினார்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது, அதுவும் அதே அளவு ஏறியது! அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவது வழக்கம். அதனால் ஏற்றத்தை இரண்டின் தலையிலும் பிரித்துப் போட முடிந்தது. ஃப்ளேன், ஹோர்டாச்சு, டின்டெல்நாட் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் போட்ட கணக்கில், வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு சுமார் 150 கோடி டாலர் கூடுதல் செலவு. அரசுக்குக் கிடைத்த வரியோ சுமார் 8.2 கோடிதான். புதிதாக வந்த வேலை சுமார் 1,800. வேலை ஒன்றுக்கு 8 இலட்சம் டாலருக்கு மேல் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறும் சுமை, இருந்ததைவிடப் பெரிதாக முடியாது. இங்கே அரசுக்குப் போன வரி 8.2 கோடி, வாங்கியவர் தலையில் ஏறியதோ 150 கோடி. நூறு விழுக்காட்டைத் தாண்டும் ஒன்றைச் ‘சுமைமாற்று’ என்றால் படிக்கிற மாணவர் குழம்பிவிடுவார்.

‘டியூட்டி போட்டா விலையில ஏறிடும்’ என்பதுதான் துறைமுகத்தில் நான் தினமும் கேட்ட பேச்சு. அந்த ‘ஏறுதலை’ வைத்து ‘வரிவழி ஏற்றம்’ என்கிறேன். போட்ட வரியில் எத்தனை விழுக்காடு விலையில் ஏறியது என்ற அளவைச் சொல்ல ‘வரிவழி ஏற்ற வீதம்’. விற்கிற நாட்டுக்காரர் தன் விலையைக் குறைத்துக்கொண்டால் வீதம் 100-க்குக் கீழே, உலர்த்தியைப் போல மற்றதும் சேர்ந்துகொண்டால் மேலே. டாலர் மதிப்பு மாறி விலை ஏறினால் ‘நாணயவழி ஏற்றம்’, மூலப்பொருளால் என்றால் ‘செலவுவழி ஏற்றம்’. ஒரே அச்சில் மூன்று சொல் கிடைக்கிறது.

உலர்த்திக்கு நேர்ந்ததற்குத் தனிச்சொல் வேண்டும். ‘உடனேற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். உடன்கட்டை ஏறுவது காதில் விழுந்ததால் அடித்துவிட்டேன். ‘இணையேற்றம்’ சரிப்படுமா?