டீக்கடை உண்டியலில் முகாமுக்கு 200 ரூபாய்: போடலாமா, வேண்டாமா?

கோட்டைக்காரன்:
வேலூர் காட்பாடி ரோட்டு டீக்கடை ஒன்றில் உண்டியலும் க்யூஆர் அட்டையும் வைத்திருக்கிறார்கள். "மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமுக்கு மாதம் 200 ரூபாய்." பதிவு எண் இல்லை, ரசீது இல்லை, 80ஜி வரிவிலக்கு இல்லை. கேட்டால் "நோட்டு இருக்கு சார்" என்கிறார்கள். இதே மேல்மொணவூரில்தான் 2021 நவம்பர் 2ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் முகாம் வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்க 1,591 வீடுகள் திறந்தாயிற்று. அரசாங்கமே செய்யும்போது தனி வசூல் எதற்கு? மனசு இருந்தால் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுங்கள். வரிவிலக்காவது மிஞ்சும்.

சத்துவாச்சாரி சம்பளக்காரன்:
புதிய வரிமுறைக்குப் போனவனுக்கு 80ஜி கிடையாது அண்ணே. அந்தக் கணக்கை விடுங்க.

பாலாறு வாசி:
அந்த நோட்டை எழுதுகிற மூன்று பேரில் நான் ஒருத்தன். மேஜை மேலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

வீடு வந்தது உண்மை, நல்ல வீடு. மாத உதவித்தொகையும் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று ஏறியது. ஆனால் அங்கே நிறைய ஆண்களுக்குப் பெயிண்டிங்தான் பிழைப்பு. ஐப்பசி மழை பிடித்தால் வெளிப்பூச்சு நின்றுவிடும். போன வருஷம் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தது. வைத்தியம் அரசு ஆஸ்பத்திரியில், காசில்லை. ஆனால் இரண்டு மாதம் கூலி இல்லை, கட்டு மாற்றப் போய்வர ஆட்டோ, சாயங்காலமானால் வாசலில் கடன் வசூலிக்கும் தண்டல்காரர். நாங்கள் கொடுத்தது 4,600 ரூபாய். அரிசிக்கு இல்லை, தண்டலை அடைக்க. இதை எந்தத் திட்டத்தில் எழுதி, எந்த மேஜையில் கையெழுத்து வாங்குவீர்கள்?

ஆம்பூர் மிளகாய்:
2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் செத்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். பாலாற்றங்கரை ஜனமும் அன்றைக்கு வீட்டை விட்டுவிட்டுத்தான் கிடந்தது. அவர்களுக்கு உண்டியல் வைத்தீர்களா?

பாலாறு வாசி:
வைத்தோம். அந்த வாரம் சாப்பாட்டுப் பொட்டலம் மடித்ததில் பாதிப் பேர் முகாம் பையன்கள்.

மூட்டை தூக்கினவன்:
பொட்டலம் சரி. துணி மூட்டை மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் பழந்துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்து நாறியது ஊருக்கே தெரியும். நம்மூரில் வெள்ளத்துக்கு வந்த மூட்டையை நான் பிரித்தேன். ஒற்றைச் செருப்பு, ஜிகினா உதிர்ந்த பட்டுப்பாவாடை, பொத்தான் இல்லாத கோட்டு. பிரிக்க நாலு பேர், கொண்டுபோய்க் கொட்ட ஒரு குட்டியானை வண்டி, அதற்கு வாடகை வேறு. நன்கொடையைக் கொட்ட இன்னொரு நன்கொடை!

கோட்டைக்காரன்:
காசு என்றால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன், வேறு எப்படிப் பேசுவேன்?

காட்பாடி ஜங்ஷன்:
சார், அப்படியே எனக்கும் ஒன்று சொல்லுங்கள். மச்சான் கனடாவில் இருக்கிறார், இவர்களுக்கு 500 டாலர் போடட்டுமா என்கிறார்.

கோட்டைக்காரன்:
அங்கே குடியுரிமை வாங்கிவிட்டாரா? வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அந்தச் சட்டத்தில் வராது. பதிவு உள்ள நிறுவனம் என்றாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பெரிய நிறுவனம் அதை வாங்கி இன்னொரு சின்னக் குழுவுக்குப் பிரித்துத் தரவும் முடியாது.

பாலாறு வாசி:
நீங்களே என் வாதத்தை எழுதிவிட்டீர்கள் சார். மேலே இருந்து கீழே வரும் வாய்க்காலை அடைத்தாயிற்று. பதிவு வாங்கி, ஆடிட்டர் வைத்து, வருஷா வருஷம் தாக்கல் செய்ய எங்கள் மொத்த வசூலே போதாது. எங்களை மாதிரிக் குழுவுக்கு மிச்சம் இருப்பது உள்ளூர் 200 ரூபாய்தான்.

கோட்டைக்காரன்:
சின்னக் குழு என்பது ரசீது கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. 40 ரூபாய்க்கு ரசீது புக் கிடைக்கிறது.

மொணவூரில் பிறந்தவள்:
அம்மா அப்பா 1990இல் இலங்கையிலிருந்து மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்கள். நான் பிறந்தது இங்கே. குடியுரிமை மட்டும் இன்னும் இல்லை, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் எங்களைச் சேர்க்கவில்லை. அது வேறு கதை.

அந்த நோட்டில் நானும் இருக்கிறேன். என் பெயர், பக்கத்தில் "ரெக்கார்டு நோட்டு, பஸ், 850". அந்த 850 இல்லாவிட்டால் அந்த செமஸ்டர் பிராக்டிகல் எழுதியிருக்க மாட்டேன். கொடுத்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அண்ணா, நோட்டை டீக்கடை மேஜையில் வைக்காதீர்கள். என் கிளாஸ் பையன் ஒருத்தன் வடை சாப்பிட்டுக்கொண்டே புரட்டிப் பார்த்திருக்கிறான். மறுநாள் லேபில் எல்லோர் முன்னாலும் "850 வந்துச்சா?" என்று கேட்டான்.

பாலாறு வாசி:
எனக்கு இது தோன்றவே இல்லைம்மா. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். இனி பெயருக்குப் பதில் நம்பர் போடுகிறோம்.

கோட்டைக்காரன்:
போடுங்கள், எனக்கும் ஆட்சேபணை இல்லை. எந்த நம்பர் யார் என்கிற பட்டியல் யாரிடம் இருக்கும்?

மொணவூரில் பிறந்தவள்:
முகாமுக்குள் எங்கள் அக்கா ஒருத்தரிடம். உங்கள் யாரிடமும் வேண்டாம்.

கோட்டைக்காரன்:
அப்புறம் நான் எதை வைத்துச் சரிபார்ப்பது?

மொணவூரில் பிறந்தவள்:
நேரில் வாருங்கள் சார். அதிகாரிகள் முகாமில் ஆள் எண்ணுகிற செக்கிங் நாளில் வந்தால் எல்லோரும் வீட்டில்தான் இருப்போம்.