மறு: ‘அன்லிங்கபிள்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

தேவகோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கிரிப்டோ வாலட் செயலியின் தமிழாக்கத்தில் பொத்தான்கள், அறிவிப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன. ‘பிரைவசி’ பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே பிரைவேட், அனானிமஸ், அன்லிங்கபிள் (ஒன்றோடொன்று தொடர்புபடுத்த முடியாதது) என்று மூன்று சொற்கள் மாறி மாறி வருகின்றன. முதலாவதற்குத் ‘தனியுரிமை’ என்றும் மற்ற இரண்டுக்கும் ‘அநாமதேயம்’ என்றும் போட்டிருக்கிறேன். மொத்தத்துக்கும் ‘மறைபரிமாற்றம்’ என்று சொல்லிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கோப்பை ஏற்றிவிடுவேன்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, மறுப்பு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது.

‘மறைபரிமாற்றம்’ வேண்டவே வேண்டாம். பிட்காயினில் பரிமாற்றம் மறைவதில்லை. 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் தொகுதி (பிளாக்) தொடங்கி இன்றுவரை, எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் புரட்டக்கூடிய பேரேட்டில் கிடக்கிறது. நாம் மறைபரிமாற்றம் என்று எழுதிவைத்தால் பயனர் அதை நம்பிவிடுவார். போதாக்குறைக்கு அந்தச் சொல்லில் கடத்தல் வாடை வேறு அடிக்கிறது. தன் வரவு எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் கள்வர் அல்லர்.

‘அநாமதேயம்’ என்றால் பெயரே இல்லாமை. இங்கே பெயர் இருக்கிறது. அது ஊரறிந்த பெயர் இல்லை, அவ்வளவுதான். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது எளிது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், கடைகளை ‘விலாசம்’ வைத்து நடத்தினார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குறி அது. கடையை நடத்தும் மேலாள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்புவார், வேறொருவர் போவார், விலாசம் மாறாது. தெரிந்தவருக்கு அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே தெரியும். தெரியாதவருக்கு அவை வெறும் எழுத்து. கிரிப்டோ முகவரியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே ‘அட்ரஸ்’ என்பதற்கு விலாசம் என்றே போடலாம் என்பது என் முதல் கோரிக்கை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஒரே விலாசத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்தால் கடைக்கு நற்பெயர் சேரும். வாலட்டில் அது தலைகீழ். ஒரே விலாசத்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர் தன் கணக்கைத் தானே திறந்து காட்டுகிறார்.

இனி ‘அன்லிங்கபிள்’. ஆத்தங்குடியில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பர் அனுப்பிய 3 அலகு ஒரு விலாசத்தில் இருக்கிறது. கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் பான் எண் கொடுத்து வாங்கிய 2 அலகு இன்னொன்றில் இருக்கிறது. யாருக்கோ 4 அலகு அனுப்ப வேண்டும். வாலட் இரண்டையும் சேர்த்து 5 எடுக்கும். 4 உரியவருக்குப் போகும், மீதி 1 இவருடைய வேறொரு விலாசத்துக்குத் திரும்பும் (கட்டணத்தை விட்டுவிடுவோம்). அந்த நொடியில், முதல் இரண்டு விலாசங்களும் ஒரே கையுடையவை என்று பேரேட்டைப் பார்ப்பவர் கணித்துவிடுவார். இரண்டாவதன் உரிமையாளர் பெயர் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். ஆகவே நண்பர் கொடுத்த 3 யாரிடம் வந்தது என்பதும் தெரிந்துபோகும். 4 பெற்றுக்கொண்டவரோ, மீதி 1 எங்கெங்கே போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தொடர்ந்து பார்க்கலாம். சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளிவந்த, பிட்காயினை அறிமுகப்படுத்திய அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது: பரிமாற்றத்துக்கு ஒரு புதுச் சாவி வையுங்கள் என்கிறது, பல வரவுகளைச் சேர்த்துச் செலவழிக்கும்போது உடையவர் ஒருவரே என்பது வெளிப்படுவதைத் தவிர்க்க முடியாது என்றும் சொல்கிறது.

இங்கே பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஒரு வரவு இன்னொரு வரவோடு ஒட்டிக்கொண்டது, கெட்டது அதனால்தான். எனவே நம் சொல்லும் அந்த ஒட்டைத்தான் சுட்ட வேண்டும். லிங்க் = ஒட்டு, அன்லிங்கபிள் = ஒட்டாத, அந்தத் தன்மை = ஒட்டாமை. எச்சரிக்கையை எழுதிப் பாருங்கள்: “இந்த விலாசம் ஏற்கெனவே பயன்பட்டது. மறுபடி கொடுத்தால் இரண்டு வரவும் ஒட்டிக்கொள்ளும்.” இதற்கு யாரும் அகராதி தேட மாட்டார்கள்.

‘தொடுப்பின்மை’ என்று முன்பு ஒருவர் சொன்னார். நம் ஊர்ப் பக்கம் தொடுப்பு என்றால் என்ன பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெண்களும் படிக்கும் குழு, இதோடு விடுகிறேன்.

இரண்டு சில்லறை விஷயங்கள். ‘சேஞ்ச் அட்ரஸ்’ என்பதை ‘மாற்று முகவரி’ என்று போட்டிருக்கிறீர்கள். முகவரியை மாற்றச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். அது மீதி விலாசம். இன்னும் செலவழிக்காமல் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் ‘செலவாகா வரவு’. எந்தத் துண்டை எடுப்பது என்று பயனரே முடிவு செய்யும் வசதி ‘வரவுத் தேர்வு’. ஆத்தங்குடிக்காரருக்கு இந்த ஒரு பொத்தான் தெரிந்திருந்தால், நண்பர் பணத்தையும் எக்ஸ்சேஞ்ச் பணத்தையும் கலக்காமல் இரண்டு தவணையாக அனுப்பியிருப்பார்.

புதுக்கோட்டையிலிருந்து:

ஐயா, விளக்கம் நன்று. எனக்கு மூன்று தயக்கம். ஒட்டார் என்றால் இலக்கியத்தில் பகைவர். ஒட்டாமையில் அந்தக் கசப்பு வராதா? மோனெரோ போன்ற வேறு கிரிப்டோ நாணயங்களில் பரிமாற்றமே மறைகிறதே, அங்கே ‘மறை’ என்பது சரிதானே? விலாசம் என்பதோ என் மாணவர்களுக்குப் புரியாது. மின்னஞ்சலுக்கே முகவரி என்றுதான் பழகியிருக்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து:

பகைவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். “சட்டையில் சாயம் ஒட்டவில்லை” என்பவர் யாரையும் பகைக்கவில்லை. சொல்லின் அன்றாடப் பொருளே முன்னால் வந்து நிற்கும்.

மோனெரோ பற்றிச் சொன்னது நியாயம். 2014இல் வந்த அந்த நாணயம், அனுப்புபவரின் உண்மையான வரவைப் பிறருடைய வரவுகளுக்கு நடுவே வைத்துக் கையொப்பமிடுகிறது. பெறுபவருக்கு ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஒருமுறை மட்டுமே பயன்படும் முகவரி உண்டாகிறது. 2017 முதல் தொகையையும் மறைக்கும் வசதி சேர்ந்தது. அந்தக் கையொப்பத்துக்கு ‘வளையக் கையொப்பம்’, அந்த முகவரிக்கு ‘மறைமுகவரி’ என்று போடலாம். ‘மறைமுகம்’ என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. இடையில் ஒரு கோடு இட்டுவிடலாம். மறைத்தல் வழி, ஒட்டாமை விளைவு. இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒட்டு பேரேட்டுக்கு வெளியேயும் நடக்கும் என்பதை உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பிறருடைய சர்வரிடம் இருப்பைக் கேட்கும் வாலட், தன் முகவரிகளையெல்லாம் அந்த சர்வருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடும், கேட்பவரின் ஐ.பி. எண்ணும் கூடவே போகும். பேரேட்டின் நகலைத் தன் கணினியிலேயே வைத்துச் சரிபார்க்கும் சொந்தக் கணு (நோட்) வைத்திருப்பவருக்கு இந்த ஒட்டு இல்லை. நன்கொடைக்காக பிட்காயின் முகவரியைப் பெயரோடு முகநூலில் போடுபவருக்கோ எந்த வாலட்டும் உதவாது.

வரியையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தம். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒட்டாமை இதில் எதையும் மாற்றாது. உலகத்துக்குக் கணக்கைக் காட்டாதவரும் தன் சிட்டையில் நாளும் மதிப்பும் எழுதி வைக்க வேண்டும். வருமான வரித் துறை கேட்டால் காட்ட வேண்டும்.

விலாசத்துக்காக நான் இன்னும் வாதாடுவேன். வீட்டு எண்ணும் தெருவும் உள்ளதுதான் முகவரி என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு வருகிறது. இதில் அது துளியும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, வாதாட வேண்டாம். பொத்தானில் ‘முகவரி’யே இருக்கும், கைப்பேசியில் வேறெல்லாச் செயலியும் அப்படித்தான் எழுதுகிறது. உதவிப் பக்கத்தில் உங்கள் விலாசக் கதையை முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள், என் அப்பச்சிக்கும் பிடிக்கும்.

ஒட்டு, ஒட்டாமை, செலவாகா வரவு, வரவுத் தேர்வு, மீதி முகவரி ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தின் தலைப்பு ‘அந்தரங்கம்’. தனியுரிமை, 2017இல் உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்ததைக் குறிக்கும் சட்டச் சொல்லாகவே இருக்கட்டும். செயலி தருவது வசதி, உரிமை அன்று.

மிஞ்சியது ஒன்றுதான். பலர் சேர்ந்து ஒரே பரிமாற்றமாகச் செலவழிக்கும் காயின்ஜாயின் முறைக்குக் ‘கூட்டுச் செலவு’ என்று வைத்திருக்கிறேன். பிறருடைய நாணயங்களோடு கலக்கித் தரும் ‘மிக்ஸர்’ சேவைக்குத்தான் சொல் அமையவில்லை. ‘கலப்பான்’ என்றால் சமையலறைக் கருவி. அப்படியே மிக்ஸர் என்று விட்டால் காராபூந்தி. அமெரிக்க அரசு 2022இல் டொர்னாடோ கேஷ் என்ற மிக்ஸர் சேவையைத் தடைப்பட்டியலில் சேர்த்து 2025இல் நீக்கியதால், அந்தப் பத்தியைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. சொல் கிடைக்கும்வரை அதை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை ஏற்றுகிறேன்.