ஆர்டுயினோ ஊனோவில் ஃப்ரீஆர்டிஓஎஸ்: என் அனுபவம் இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்காக ஒரு பெட்டி செய்தேன். ஆர்டுயினோ ஊனோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), நீர்மட்டத்துக்கு அல்ட்ராசோனிக் சென்சார், மோட்டாருக்கு ரிலே, இரண்டு வரி எல்சிடி, ஒரு பட்டன். வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும் சாதாரண லூப்பில் எழுதியபோது சென்சார் அளந்து முடிக்கும் வரை பட்டனை அழுத்தினால் கேட்காது. அதனால் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓடவைக்கும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளத்தைப் போட்டு, வேலைக்கு ஒன்றாக நான்கு டாஸ்க் பிரித்தேன்.

ஏற்றியதும் பட்டன் மட்டும் வேலை செய்தது, மற்ற மூன்றும் அசையவே இல்லை. இரண்டு ராத்திரி போனது. ஊனோவின் மூன்று டைமர்களும் ஆர்டுயினோவின் மற்ற வேலைகளுக்குத் தேவைப்படுவதால், இந்த ஃப்ரீஆர்டிஓஎஸ் லைப்ரரி வாட்ச்டாக் டைமரை (நிரல் உறைந்தால் போர்டை ரீசெட் செய்ய இருப்பது) டிக்குக்கு, அதாவது டாஸ்குகளுக்கான கடிகாரத் துடிப்புக்கு, எடுத்துக்கொள்கிறது. ஒரு டிக் சுமார் 15 மில்லிசெகண்ட். நான் பட்டன் டாஸ்கில் கேட்டிருந்த டிலே 10 மில்லிசெகண்ட். முழு எண்ணில் 10-ஐ 15-ஆல் வகுத்தால் 0. அந்த டாஸ்க் தூங்கவே இல்லை. அதற்குத்தான் எல்லாரையும்விட உயர்ந்த பிரையாரிட்டியும் (முன்னுரிமை) கொடுத்திருந்தேன். கீழே இருந்தவர்களுக்கு முறையே வரவில்லை.

அதைச் சரிசெய்த பிறகுதான் பெரிய தொல்லை. சில மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு எல்சிடியில் கிறுக்கல், ரிலே தானாக 'டக்' என்று விழும், போர்டு ரீசெட். ஊனோவில் மொத்த ரேம் 2 கேபி. லைப்ரரியோடு வரும் உதாரண நிரலைப் பார்த்து ஒவ்வொரு டாஸ்குக்கும் 128 பைட் ஸ்டாக் (டாஸ்க் தன் தற்காலிகத் தரவை வைக்கும் ரேம் இடம்) கொடுத்திருந்தேன். டாஸ்க் மாறும்போது சிப்பின் உள் நினைவிடங்களான 32 ரிஜிஸ்டர், ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர், திரும்பும் முகவரி என 35 பைட் அந்த ஸ்டாக்கிலேயே போய் உட்காரும். இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சிக்னல்) வந்தால் அதுவும் அப்போது ஓடும் டாஸ்கின் ஸ்டாக்கைத்தான் தின்னும், இந்தச் சிப்பில் அதற்கென்று தனி இடம் கிடையாது. எல்சிடி டாஸ்கிலோ நான் 40 பைட் எழுத்து வரிசை ஒன்று வைத்து, அதில் எண்ணை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டாக்கில் மிகக் குறைவாக எவ்வளவு மீதி இருந்தது என்று சொல்லும் ஹை வாட்டர் மார்க்கைப் படித்துப் பார்த்தேன். மீதி 4 பைட்! ஒரு இன்டரப்ட் தப்பான நேரத்தில் வந்தால் பக்கத்து டாஸ்கின் நினைவகம் காலி.

எழுத்து வரிசையை குளோபலாக்கி ஸ்டாக்குக்கு வெளியே வைத்தேன், மாறாத வாசகங்களை நிரல் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்துக்குத் தள்ளினேன், எல்சிடிக்கு 200 பைட் கொடுத்தேன். பட்டனையும் ரிலேயையும் ஒரே டாஸ்காகச் சேர்த்ததில் ஒரு ஸ்டாக் முழுதாக மிச்சம். இத்தனை சின்ன போர்டில் டாஸ்கைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

---

அண்ணா, அந்த 128 என்னையும் ஒரு தடவை குழப்பிச்சு. நான் ப்ளூ பில் போர்டு (கார்டெக்ஸ் எம்3 சிப்) வெச்சிருக்கேன், 20 கேபி ரேம். அங்க அதே 128 போட்டா 512 பைட், ஏன்னா கணக்கு 32 பிட் வேர்டுல, ஒரு வேர்டு 4 பைட். அப்புறம் அந்தக் கோடை அப்படியே ஈஎஸ்பி32 போர்டுக்குக் கொண்டுபோனேன். அங்க மறுபடி பைட் கணக்கு, ஸ்டாக் பத்தல, ஆரம்பிச்ச உடனே க்ராஷ்.

ஆனா என்னை அதிகம் படுத்தினது இன்டரப்ட் பிரையாரிட்டி. ஃப்ளோ சென்சார் பல்ஸ் வந்ததும் இன்டரப்ட்ல இருந்து ஒரு செமஃபோர் (காத்திருக்கிற டாஸ்க்கை எழுப்புற சிக்னல்) கொடுக்கணும், அவ்வளவுதான். ரெண்டு மூணு நிமிஷத்துல போர்டு உறைஞ்சிடும். டாஸ்க்ல பெரிய எண்தான் உயர்ந்தது. கார்டெக்ஸ் எம்3 இன்டரப்ட்ல தலைகீழ், 0 தான் உச்சம், நாம எதுவும் சொல்லலைன்னா 0 தான் இருக்கும். கெர்னலை, அதாவது ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸோட மையத்தைக் கூப்பிடுற இன்டரப்ட் ஒரு வரம்பைத் தாண்டி உயரக் கூடாது, அதாவது அதோட எண் வரம்பு எண்ணுக்குச் சமமாவோ பெருசாவோ இருந்தே ஆகணும். கான்ஃபிக் அசெர்ட்டை (தப்பு நடந்த இடத்துலயே நிறுத்துற சோதனை) ஆன் பண்ணின அன்னைக்கே சரியான வரியில வந்து நின்னுது. அதை முதல் நாளே ஆன் பண்ணுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

---

என்னுடையது ஈஎஸ்பி32-இல் இரண்டு சக்கரத்தில் தானாக நிற்கும் ரோபோ. சாய்வு சென்சாரும் ஓலெட் திரையும் ஒரே ஐஸ்கொயர்சி பஸ்ஸில் (இரண்டு கம்பித் தரவுப் பாதை). சமநிலை டாஸ்க் 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை படிக்க வேண்டும், உயர்ந்த பிரையாரிட்டி. திரைக்குத் தாழ்ந்தது. நடுவில் ப்ளூடூத் கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் டாஸ்க். மூன்றையும் சிப்பின் ஒரே கோரில் (செயலி மையம்) கட்டியிருந்தேன். பஸ்ஸை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்த, பூட்டாக பைனரி செமஃபோர். போனிலிருந்து கட்டளை அனுப்பினால் ரோபோ விழும்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலம் பாத்ஃபைண்டருக்கு நடந்ததும் இதேதான். வானிலைத் தரவு எடுக்கும் தாழ்ந்த டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர டாஸ்க் குறுக்கே புகுந்துகொள்ள, பஸ்ஸைக் கவனிக்கும் உயர்ந்த டாஸ்க் காத்துக் கிடந்து விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (பூட்டைப் பிடித்த தாழ்ந்த டாஸ்குக்கு, காத்திருக்கும் டாஸ்கின் பிரையாரிட்டியைத் தற்காலிகமாகக் கொடுப்பது) பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அது மியூடெக்ஸில் (பூட்டுக்கென்றே உள்ள வகை) உண்டு, பைனரி செமஃபோரில் இல்லை. ஒரே ஒரு வரி மாற்றம்; ரோபோ விழுவது நின்றது.

உதறல் மட்டும் மிச்சம் இருந்தது. திரை முழுவதையும் அனுப்ப 1024 பைட். 400 கிலோஹெர்ட்ஸில் 23 மில்லிசெகண்ட். அவ்வளவு நேரமும் பூட்டு திரையின் கையில். எட்டுப் பக்கமாகப் பிரித்து, பக்கத்துக்குப் பக்கம் பூட்டை விட்டுவிட்டு எடுத்தேன். ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட். இப்போது மேசையில் அசையாமல் நிற்கிறது.

---

இருவருக்கும் நன்றி. மூன்று வாரமாகத் தொட்டிப் பெட்டி ஒரு முறைகூட ரீசெட் ஆகவில்லை. எல்சிடி டாஸ்கில் இன்று காலை மீதி 61 பைட். சீரியல் போர்ட்டை இரண்டு டாஸ்க் பகிர்கிற இடத்தில் நானும் பைனரி செமஃபோர்தான் வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி மியூடெக்ஸாக மாற்றிவிடுகிறேன்.