பொருள்: ‘கான்ட்ராஸ்ட்’ – நிற மாறுபாடா, எடுப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

உலாவியின் அணுகல்தன்மைச் சோதனைப் பலகத்தை மொழிபெயர்த்து வருகிறோம். பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் பக்கத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் பலகம் அது. அதில் ‘கான்ட்ராஸ்ட்’ (எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பது) மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. ‘நிற மாறுபாடு’, ‘வண்ண வேறுபாடு’, ‘உறழ்பொருவு’ மூன்றும் கோப்புகளில் கலந்து கிடக்கின்றன.

சொல் எங்கெல்லாம் வரும் என்று தெரிந்தால் பேச வசதி. பயர்பாக்ஸில் ஷிஃப்ட் + எஃப்12 அழுத்தினால் பலகம் திறக்கும். மேலே சிக்கல்களைத் தேடும் கீழிறங்கு பட்டியலில் கான்ட்ராஸ்டைத் தேர்ந்தெடுத்தால், தேறாத உறுப்புகள் மட்டும் கிளைப்படத்தில் மிஞ்சும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னச் சிட்டையில் இந்தச் சொல் இருக்கும். சுட்டும் கருவியை எடுத்துப் பக்கத்திலுள்ள ஓர் எழுத்தின்மேல் வைத்தால், மிதக்கும் பட்டையில் எண்ணோடு வரும். சிட்டையில் நீளமான சொல் பாதியில் வெட்டுப்படும் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

‘நிற மாறுபாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பழகிய சொல், மாற்றக் காரணம் தெரியவில்லை.

– செ.

---

> பழகிய சொல். மாற்றக் காரணம் தெரியவில்லை.

காரணம் இருக்கிறது ஐயா. கருவி இங்கே நிறத்தை அளக்கவில்லை, ஒளிர்வை அளக்கிறது.

வலைப்பக்க அணுகல்தன்மைக்கான வரையறையான டபிள்யூ.சி.ஏ.ஜி. சொல்லும் கணக்கு இது: இரண்டு நிறங்களின் சார்பு ஒளிர்வையும் 0 முதல் 1 வரையான எண்ணாகக் கண்டுபிடி, ஒவ்வொன்றோடும் 0.05 கூட்டு, பெரியதைச் சிறியதால் வகு. ஒளிர்வில் பச்சைக்கு 0.7152 பங்கு, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. கறுப்பும் வெள்ளையும் 21:1. ஒரே நிறம் இரண்டென்றால் 1:1.

இப்போது சிவப்புப் பின்னணியில் (255, 0, 0) பச்சை எழுத்தை (0, 128, 0) வையுங்கள். சிவப்பின் ஒளிர்வு 0.2126, பச்சையினுடையது ஏறக்குறைய 0.1544. 0.2626-ஐ 0.2044-ஆல் வகுத்தால் 1.28. சாதாரண அளவு எழுத்துக்கு ஏஏ நிலையில் (வரையறையின் மூன்று நிலைகளில் நடுவானது) வேண்டியது 4.5. இந்த இடத்தில் ‘நிற மாறுபாடு போதாது’ என்று செய்தி வந்தால் வடிவமைப்பாளர் நம்புவாரா? சிவப்பும் பச்சையும் மாறுபடவில்லை என்றால் வேறு எதுதான் மாறுபடும்! சரி, நிறத்தைத்தானே மாற்றச் சொல்கிறது என்று எழுத்தை ஊதாவாக்குவார் (128, 0, 128). அதுவும் 2.36 தான். நம் சொல் அவரைத் தவறான பொத்தானை நோக்கித் தள்ளுகிறது. அவர் செய்ய வேண்டியது ஒன்றை வெளிறவைத்து மற்றதைக் கருமையாக்குவது. நிறச்சாயல் அப்படியே இருக்கலாம்.

‘உறழ்பொருவு’ பற்றி ஒரு வரி. ஒன்றைவிட மற்றொன்றை மிகுத்துச் சொல்லும் ஒப்பீட்டுக்கு இலக்கணத்தில் வழங்கும் பெயர் அது. ஐந்தாம் வேற்றுமைப் பொருவுக்கு (ஒப்பீட்டுக்கு) உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘காக்கையிற் கரிது களம்பழம்’, அதாவது காக்கையைவிடக் களாப்பழம் கறுப்பு. அதைக் கருவியிடம் கொடுத்தால் 1:1-ஐ ஒட்டி ஏதோ சொல்லும். இலக்கணச் சொல்லாக அழகு, சிட்டைக்கு ஆகாது.

கடைத்தெருவில் கிடைக்கும் சொல் ஒன்று உண்டு: எடுப்பு. ‘அந்தச் சேலைக்கு இந்த ரவிக்கை எடுப்பா இருக்கு’, ‘கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து எடுப்பாத் தெரியும்’. ஒன்றின்மேல் இன்னொன்று தனித்துத் தெரிவதைத்தான் இது குறிக்கிறது. எடுப்பு விகிதம் 4.5:1 என்று எழுதிப் பாருங்கள்.

– தே.

---

எங்கட பக்கம் ‘எடுப்பு’ எண்டால் செருக்கு. ‘ஆளுக்குச் சரியான எடுப்பு’ எண்டால் பாராட்டு இல்லை! அதோடு ‘தரவெடுப்பு’ எண்டு கணினியிலேயே வேறொரு எடுப்பும் புழங்குது. ‘எடுப்பு விகிதம்’ எண்டதைத் தனியாகப் பார்த்தால் வங்கியில் பணம் எடுக்கிற வீதம் மாதிரியும் கிடக்கு. ‘துலக்கம்’ சரிவராதா? இல்லையெண்டால் ‘எழுத்தெடுப்பு’ எண்டு சேர்த்தால் குழப்பம் குறையும்.

– ச.

---

ச. அண்ணா, துலக்கம் ஒரு பொருளின் தன்மை. விளக்கித் துடைத்த பித்தளைச் செம்பு தனியாக இருந்தாலும் துலக்கம்தான். எடுப்புக்கு இரண்டு பொருள் வேண்டும், இந்த எண்ணுக்கும் அப்படியே. ‘எழுத்தெடுப்பு’ போதாது, டபிள்யூ.சி.ஏ.ஜி.-யின் 2018-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து உள்ளீட்டுப் பெட்டியின் ஓரக்கோடு, படவுரு போன்றவற்றுக்கும் 3:1 தேவை. அங்கே எழுத்தே இல்லை.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதைச் செய்தி வரிகளில் வைத்துப் பார்க்க வேண்டும். சோதனையில் அடிக்கடி இடறும் இடங்களைத் தருகிறேன்.

முதலாவது, முழுமையாக்கல். வெள்ளையில் #777777 சாம்பல் 4.48:1, தேறாது. #767676 என்றால் 4.54:1, தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 4.48-ஐ 4.5 என்று முழுமையாக்கிக் காட்டினால் ‘4.5 இருக்கிறதே, ஏன் சிவப்புக் குறி?’ என்று வழுப்பதிவு வரும். ஆகவே மொழிபெயர்ப்பு வரியில் ‘ஏறத்தாழ’ போன்ற சொல் கூடவே கூடாது.

அடுத்தது பின்னணிப் படம். படத்தின்மேல் எழுத்து இருந்தால் எந்த நிறத்தோடு ஒப்பிடுவது என்று கருவிக்குத் தெரியாது. ஆக்ஸ் என்ற அணுகல்தன்மைச் சோதனை நீட்சி இதைத் தவறு என்று சொல்லாது, ஆள் பார்க்க வேண்டியவை என்று தனியே ஒதுக்கிவைக்கும். ‘எடுப்பு இல்லை’ என்று இதை மொழிபெயர்த்தால் பொருளே புரண்டுவிடும். ‘எடுப்பைக் கணிக்க முடியவில்லை’ என்பதே சரி. மூடியிருக்கும் பட்டியும், சுட்டி மேலே வந்தால் மட்டும் மாறும் நிறமும் சோதனையில் அகப்படாது. பட்டியைத் திறந்துவைத்து, சுட்டி மேலே இருக்கும் அந்த நிலையை (ஹோவர்) உலாவியின் ஆய்வியில் வலிந்து இயக்கி, மறுபடி ஓட்ட வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தலைவலி, மெய்யெழுத்தின் புள்ளி. கருவி பார்ப்பது பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ்.-இல் எழுதிய நிறத்தை. திரையில் விழுந்த பிக்சலை அல்ல. மெல்லிய கோடுகளின் விளிம்பை உலாவி மென்மையாக்கும்போது அவை எழுதியதைவிட வெளிறித் தெரியும். 12 பிக்சலில் மெலிந்த எழுத்துருவைப் போட்டால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். எண் என்னவோ 4.6 என்று பச்சைக் குறியோடு நிற்கும். பெரிய எழுத்து என்றால் 3:1 போதும் என்ற சலுகையிலும் கவனம் வேண்டும். அதற்கு 24 பிக்சல், தடித்த எழுத்தென்றால் ஏறத்தாழ 18.66 பிக்சல் (அடடா, அந்தச் சொல்லை நானே எழுதிவிட்டேன்). சீனம், ஜப்பானியம், கொரியன் எழுத்துருக்களுக்கு இணையான அளவு பார்க்கச் சொல்லும் வரையறை தமிழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தமிழ்ப் பக்கத்தில் அந்தச் சலுகையைத் தொடாமல் எல்லாவற்றுக்கும் 4.5 வைத்துக்கொள்வதே நல்லது.

‘எடுப்பு’க்கு என் ஒப்புதல். செருக்குப் பொருள் ஆளைச் சொல்லும்போது வருவது. எண்ணுக்குப் பக்கத்தில் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

– மு.

---

சரி, எண்ணோடு வந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. ‘விகிதம்’ தனியே நிற்கிற தலைப்புகளில் மட்டும் ‘ஒளிர்வெடுப்பு விகிதம்’ எண்டு போடுங்கோ.

– ச.

---

நன்றி. பதிந்துகொண்டேன்: சிட்டையிலும் பட்டியலிலும் ‘எடுப்பு’, தலைப்பில் ‘ஒளிர்வெடுப்பு விகிதம்’, செய்தியில் ‘எடுப்பு 4.48:1. குறைந்தது 4.5:1 வேண்டும்.’ எடுப்புக் குறைந்த பார்வையைப் போலச்செய்து காட்டும் தேர்வுக்கு ‘எடுப்பு இழப்பு’.

ஒரு வேண்டுகோள்: கோப்பில் ‘நிற’ என்று வரும் இடத்தையெல்லாம் ஒரேயடியாகத் தேடி மாற்றிவிடாதீர்கள். அதே போலச்செய்தல் பட்டியலில் சிவப்பு, பச்சை, நீலம் தெரியாமையைக் காட்டும் தேர்வுகள் உண்மையிலேயே நிறம் பற்றியவை. அவை அப்படியே இருக்கட்டும்.

– செ.