சீர்திருத்தம், திருத்தம், மாறுதல், சீரமைப்பு: எதை எங்கே எழுதுவது?

வைகைக்கரை:
நிலம், சட்டம், பணியாளர், சாலை என எல்லாம் கலந்து வரும் ஓர் அறிக்கையைத் தமிழில் எழுத வேண்டும். எங்கும் ‘மாற்றம்’ என்றே போட்டால் சலிப்பாக இருக்கிறது. ‘சீர்திருத்தம்’ என்றால் பல இடங்களில் ஒட்டவில்லை. அகராதியோ ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகத் தருகிறது. எப்படிப் பிரிப்பது?

ஏட்டுச்சுவடி:
வினைச்சொல்லில் தொடங்குங்கள். மாறு, திருந்து இரண்டும் தன்வினை. மாற்று, திருத்து பிறவினை. மாற்றம் தானாகவும் வரும்: பருவநிலை மாற்றம், குரல் மாற்றம். திருத்தம் அப்படி வராது. திருத்த ஓர் ஆள் வேண்டும், திருத்துவதற்கு ஏற்கெனவே ஒன்று இருக்க வேண்டும், அதில் பிழையோ குறையோ இருப்பதாகக் கருத வேண்டும். விடைத்தாளைத் திருத்துவதும், காட்டைத் திருத்திக் கழனியாக்குவதும், சட்டத்தில் திருத்தம் கொண்டுவருவதும் இதே பொருளில்தான்.

சீர்திருத்தம் ஒரு பிழையோடு நிற்பதில்லை, ஒரு முறையையே ஒழுங்குபடுத்துவது. 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதை ‘எழுத்துச் சீர்திருத்தம்’ என்கிறோம். ‘எழுத்துத் திருத்தம்’ என்று எழுதினால் யாரோ எழுத்துப்பிழையைச் சரிசெய்ததாகத்தான் படும்.

இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் வருவதைப் பார்க்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சான்று. புரோகிதர் இல்லாமல் நடக்கும் திருமணம் சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம். அதைச் செல்லுபடியாக்க 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது ‘தமிழ்நாடு திருத்தச் சட்டம்’. சமூகத்தில் நடந்தது சீர்திருத்தம், ஏட்டில் நடந்தது திருத்தம். உங்கள் அறிக்கையில் இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான்.

தாலுகா_தமிழ்:
அலுவலகச் சொற்களில் நம் விருப்பத்துக்கு இடமில்லை, வழக்கில் நிலைத்ததையே எழுத வேண்டும். பட்டா மாறுதல், பணியிட மாறுதல், பெயர் மாற்றம். நிலத்தை வாங்கியவர் தன் பெயருக்குக் கேட்பது பட்டா மாறுதல். புலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல். இருக்கிற பட்டாவில் பெயரோ தந்தை பெயரோ பிழையாக இருந்தால்தான் திருத்தம். மனுவில் இதை மாற்றி எழுதினால், கோரிக்கையே வேறாகிவிடும். பத்திரத்தில் சர்வே எண் தவறிவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரம்.

சாலை, ஏரிக்கரை, கட்டடம் இவற்றுக்குச் சீரமைப்பு. ‘சாலைச் சீர்திருத்தம்’ வேண்டாம்.

நாவல்மரம்:
இலங்கை வாசகர்களும் படிப்பார்களா? எங்களிடம் ‘திருத்துதல்’ பழுதுபார்ப்பதையும் குறிக்கும். வாகனம் திருத்துமிடம், வீதித் திருத்த வேலை என்பவை அன்றாடச் சொற்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலும் அதே சொல்தான், குழப்பம் வருவதில்லை. நிலத்துக்கு மட்டும் ‘காணி’ என்று எழுதுங்கள்: 1972இல் தனியார் நில உடைமையை 50 ஏக்கராகவும், நெற்காணியை 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது காணிச் சீர்திருத்தச் சட்டம்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. ‘மறுசீரமைப்பு’ எங்கே? கடன் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
கடனுக்கு அதுவேதான். தவணை, வட்டி, காலம் ஆகியவற்றை வேறு விதமாக அடுக்குவது மறுசீரமைப்பு. 1956இல் மொழிவாரியாக எல்லைகளை மாற்றிய சட்டமும் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டமே. அமைப்பை மாற்றி அடுக்கியதை மட்டும் அது சொல்கிறது, நன்மை விளைந்ததா என்பதைச் சொல்வதில்லை. சீர்திருத்தம் என்றாலோ நல்லது என்ற தீர்ப்பும் சேர்ந்தே வருகிறது. சர்ச்சையில் இருக்கும் திட்டமானால் ‘மாற்றம்’ அல்லது ‘மறுசீரமைப்பு’ என எழுதுங்கள்; அரசு அதைச் சீர்திருத்தம் என்றால், ‘சீர்திருத்தம் என அரசு கூறும்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ‘மாற்றம் செய்யப்பட்டது’ என்று நீட்டாதீர்கள். ‘மாற்றினார்கள்’ போதும், யார் மாற்றினார்கள் என்பதும் தெரியும்.