புதுப்பிப்பு: 4,000 மீட்டர் சிகரம், ஒரே நாளில் ஏறி இறங்கியாச்சு

4,000 மீட்டர் சிகரத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும்போது தலைவலி வராமலிருக்க என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. உச்சி தொட்டாச்சு.

கைகொடுத்தது, முந்தைய இரவுகளை 2,500 மீட்டருக்கு மேலே கழிக்கச் சொன்ன யோசனைதான். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். பழகாத உடம்பு திணறும். கூட வந்தவர் சமவெளியிலிருந்து நேரே வந்திருந்தார். பாதி ஏற்றத்திலேயே அவருக்குத் தலைவலி, குமட்டல். திரும்பி இறங்க இறங்கத் தெளிந்துவிட்டார். விடியுமுன் கிளம்பியதால் பிற்பகல் இடிமழையும் தப்பியது.

எதிர்பாராத ஒன்று: தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்து அடைத்துக்கொண்டது. குடித்ததும் குழாய்க்குள் ஊதி, நீரைப் பைக்கே தள்ளிவிடுங்கள். பாட்டில் என்றால் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம்தான் முதலில் பிடிக்கும், மூடி அடைபடாது.